முயலுக்குக் குளியல் வேண்டாம்

வெள்ளை முயலின் பின்பக்கம் மஞ்சளாகிப் போனதும், சிலர் அதை நாயைப் போல வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துவிடுகிறார்கள். ஆபத்தே அங்குதான். அடர்ந்த ரோமம் சீக்கிரம் காயாது. உடல் சூடு இறங்கிவிடும். மிரண்டு உதைத்தால் முதுகெலும்பே முறியலாம்.

காய்ந்த அழுக்குக்குத் தண்ணீர் தேவையில்லை. மளிகைக் கடை கார்ன்ஃப்ளார் மாவைத் தூவி, விரலால் உதிர்த்து, மென்மையாக வாரினால் போதும். மூக்குப் பக்கம் மாவு பறக்கக் கூடாது. முகப்பவுடர் வேண்டவே வேண்டாம். கட்டியாக ஒட்டியிருந்தால், அந்த இடத்தை மட்டும் வெதுவெதுப்பான ஈரத்துணியால் ஊறவைத்துத் துடைத்து, துண்டால் ஒற்றி முழுதாகக் காயவைக்க வேண்டும். பிடித்து இழுத்தால் தோல் கிழியும், அவ்வளவு மெல்லியது.

துடைப்பது பாதி வேலைதான். முயல் தன் மென்புழுக்கையை ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்பது இயல்பு. புல்லைக் குறைத்து அடர்தீவனத்தை அள்ளிப் போட்டாலோ, உடல் பெருத்துக் குனிய முடியாமல் போனாலோ, அது ரோமத்தில் அப்பிக்கொள்ளும். ஆகவே பசும்புல்லும் உலர்புல்லும்தான் முதல் மருந்து. சிறுநீரால் அடிக்கடி நனைந்தால் கூண்டின் தரையையும் பாருங்கள். அது சரியாக இருந்தும் நனைந்தால் சிறுநீர்ப்பைக் கோளாறாக இருக்கலாம்.

கோடையிலும் மழைக்காலத்திலும் தினமும் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அழுக்கு ரோமத்தில் ஈ இட்ட முட்டை ஒரே நாளில் பொரித்து, புழு சதையைத் துளைக்கும். புழு கண்ணில் பட்டால் கைவைத்தியம் பார்க்காமல், அப்போதே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.