முதல் பீஸும் முழு பேட்சும்

2025 ஏப்ரல் 11 இரவு சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் 20 ஓவரும் ஆடி 9 விக்கெட்டுக்கு 103 ரன் எடுத்தது. கொல்கத்தா அதை 59 பந்துகள் மீதமிருக்கும்போதே எடுத்துவிட்டது. அந்த ஐ.பி.எல். பருவத்தில் சென்னைக்கு அது தொடர்ந்து 5வது தோல்வி. அதற்கு 19 நாள் முன்பு, மார்ச் 23 அன்று, இதே மைதானத்தில் மும்பையை வீழ்த்தியபோது ஆறாவது கோப்பையைப் பற்றிப் பேசிய அம்பத்தூர் டீக்கடைகளிலும் ஆவடி மின்சார ரயிலிலும் பூந்தமல்லி பேருந்து நிலையத்திலும் இப்போது ‘இந்த வருஷம் அவ்வளவுதான்’ என்ற பேச்சு. ஒரே அணி, ஏறக்குறைய அதே ஆட்டக்காரர்கள், மூன்று வாரத்துக்குள் நேர் எதிரான இரண்டு தீர்ப்புகள். பருவத்தின் தொடக்கத்தில் வரும் வெற்றி தோல்விகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்விக்கு, என் கணிப்பில், விடை இதுதான்: யார் ஜெயித்தார்கள் என்பது அந்தக் கட்டத்தில் மிகக் குறைவாகவே சொல்கிறது, எப்படி ஜெயித்தார்கள், எப்படித் தோற்றார்கள் என்பது நிறையச் சொல்கிறது. இதைப் பிரித்துப் படிக்கும் பழக்கம் சென்னையின் மேற்குப் புறநகர்த் தொழிற்கூடங்களில் வெகுகாலமாகவே இருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஓர் அணி லீக் சுற்றில் 14 ஆட்டம் ஆடுகிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல சரிபாதி வாய்ப்புள்ள, சிறப்பும் இல்லாத மோசமும் இல்லாத நடுத்தர அணி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாணயம் சுண்டுவது போன்ற அந்த 14 ஆட்டத்தில் எங்காவது ஓரிடத்தில் அது தொடர்ந்து 5 ஆட்டம் தோற்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 17 சதவீதம், அதாவது ஆறில் ஒன்று. 10 அணிகள் ஆடும் போட்டியில் எல்லா அணிகளும் ஒரே தரத்தில் இருந்தாலும்கூட, சராசரியாக ஒரு பருவத்துக்கு ஒன்றிரண்டு அணிகள் இப்படிச் சரிந்து நிற்கும் என்பது இதன் பொருள். முதல் மூன்று ஆட்டத்தில் மூன்றையும் வென்ற அணியும் மூன்றையும் தோற்ற அணியும் வெறும் தற்செயலாலேயே பல பருவங்களில் கிடைத்துவிடும். பருவம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் அந்த நடுத்தர அணி 5 வெற்றிக்கும் 9 வெற்றிக்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். அப்படி நிற்கும் வாய்ப்பு 82 சதவீதம். 5 வெற்றி பெற்றால் வீட்டுக்குப் போக வேண்டும், 9 வெற்றி பெற்றால் பிளே ஆஃப். ஒரே திறமை இந்த இரண்டு இடத்திலும் போய் நிற்க முடியும் என்றால், முதல் 5 ஆட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு திறமையை எப்படி அளப்பது?

2010ஐ நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. அந்த ஆண்டு சென்னை முதல் 7 ஆட்டத்தில் 5 தோல்வி கண்டது. அதில் ஒன்று, பஞ்சாபுடன் சேப்பாக்கத்தில் சமநிலையில் முடிந்து சூப்பர் ஓவரில் பறிபோனது. ஏப்ரல் 3ஆம் தேதி ராஜஸ்தானுக்கு எதிராக முரளி விஜய் 127 அடித்து அணி 246ஐத் தொட்டபோது காற்று திசை மாறியது. தரம்சாலாவில் கடைசி லீக் ஆட்டத்தின் கடைசி ஓவரில் தோனி இர்ஃபான் பதானை சிக்ஸருக்கு அனுப்பித்தான் அணி உள்ளே வந்தது. 14 ஆட்டத்தில் 7 வெற்றி, 7 தோல்வி. 14 புள்ளியில் நின்ற நான்கு அணிகளில் நெட் ரன் ரேட்டில் முந்தியது சென்னை. ஏப்ரல் 25 அன்று மும்பையை 22 ரன்னில் வென்று முதல் கோப்பையைத் தூக்கியது. மும்பையின் கதை இன்னும் அழுத்தமானது. அது கோப்பை வென்ற 2013, 2015, 2017, 2019, 2020 ஆகிய ஐந்து பருவங்களிலும் முதல் ஆட்டத்தில் தோற்றிருக்கிறது. சென்னையும் தன் ஐந்து கோப்பைகளில் மூன்றை (2010, 2021, 2023) தோல்வியோடுதான் தொடங்கியது. நேர் எதிர்த் திசையிலும் சான்று உண்டு. 2025இல் டெல்லி முதல் 4 ஆட்டத்தையும் வென்றது; முடிவில் 5ஆம் இடம்தான் கிடைத்தது.

அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். தொடரிலும் பருவம் குறுகியதே. 2021 முதல் ஒவ்வோர் அணிக்கும் 17 ஆட்டம், அதற்கு முன் 16. வாரத்துக்கு ஓர் ஆட்டம் என்பதால், ஒரு தோல்வியைப் பற்றிப் பேச ரசிகர்களுக்கு ஏழு நாள் கிடைக்கிறது. அங்கே செப்டம்பர் மாதத் தீர்ப்புகள் நம் ஏப்ரல் தீர்ப்புகளைவிடக் கடுமை. 32 அணிகளில் வெறும் தற்செயலே ஏறத்தாழ 8 அணிகளை முதல் இரண்டு ஆட்டத்திலும் தோற்கச் செய்துவிடும். அப்படித் தோற்ற நியூ இங்கிலாந்து அணி 2001 பருவத்தின் கோப்பையை வென்றது. 2007இல் முதல் இரண்டையும் தோற்ற நியூயார்க் ஜயன்ட்ஸ், அதுவரை தொடர்ந்து 18 ஆட்டம் தோல்வியே காணாமல் வந்த அதே நியூ இங்கிலாந்தை இறுதி ஆட்டத்தில் சாய்த்தது. அமெரிக்காவின் பேஸ்பால் லீக்கில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம். தற்செயல் தேய்ந்து திறமை மேலே வர அங்கே நேரம் உண்டு. 14க்கும் 17க்கும் அந்த வசதி கிடையாது.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வருவோம். லேத்தில் ஒரு ஜாப்பைத் தொடங்கினால் முதல் பீஸை இன்ஸ்பெக்ஷனுக்குக் கொடுக்காமல் பேட்சை ஓட்டமாட்டார்கள். ஆக, தொடக்கத்தில் வருவது முக்கியம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதே ஆட்களுக்கு இன்னொன்றும் தெரியும்: காலையில் மெஷின் சூடேறுவதற்கு முன் வரும் பீஸ்கள் பிறகு வருபவற்றைப்போல இருக்காது. 20 மில்லிமீட்டர் விட்டம் வர வேண்டிய இடத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு கூடுதலாக ஒரு பீஸ் வந்தால், உடனே ஆஃப்செட்டைக் குறைத்து, அடுத்தது சிறுத்து வந்தால் மறுபடி கூட்டி, இப்படி ஒவ்வொரு பீஸுக்கும் செட்டிங்கைத் தொட்டுக்கொண்டே இருந்தால் ரிஜெக்ஷன் கூடுமே தவிரக் குறையாது. தரக் கட்டுப்பாட்டு அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் இதை ஒரு புனலையும் கோலிக்குண்டையும் வைத்துச் செய்துகாட்டுவார். மேசையில் ஒரு புள்ளியைக் குறிவைத்துப் புனல் வழியாகக் குண்டைப் போட வேண்டும். புனலை அசைக்காமல் விட்டால் குண்டுகள் புள்ளியைச் சுற்றி ஓரளவு சிதறி விழும். ஒவ்வொரு முறையும் விலகிய தூரத்துக்கு ஈடாகப் புனலை நகர்த்தினால் சிதறலின் அளவு, புள்ளியியல் கணக்கில், இரு மடங்காகிறது. இயல்பான ஏற்ற இறக்கத்தையும் காரணம் கண்டுபிடிக்கக்கூடிய கோளாறையும் பிரித்துப் பார்ப்பதற்காகத்தான் வால்டர் ஷூஹார்ட் 1924இல் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கினார். புள்ளியியலாளர் மகலனோபிஸ் அழைத்து அவர் இந்தியாவுக்கும் வந்து போனார். அந்த மரபு இந்த வட்டாரத்தில் ஆழமாக வேர்விட்டது: டெமிங் பெயரிலான ஜப்பானிய விருதை இந்தியாவில் முதலில் பெற்றது 1998இல் பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன். 2001இல் அதே பாடியின் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும், 2003இல் அம்பத்தூரின் ரானே பிரேக் லைனிங்கும் அதைப் பெற்றன. பிரேக்கின் தரத்தை இவ்வளவு நிதானமாக அளக்கும் ஊர், தன் அணியையும் அதே நிதானத்தோடு அளக்க முடியும்.

இந்தக் கண்ணோடு 2025இன் அந்த ஐந்து தோல்விகளைப் பார்த்தால் புள்ளிப்பட்டியல் சொல்லாத ஒன்று தெரிகிறது. பெங்களூருவிடம் 50 ரன்னில் தோல்வி. குவாஹாட்டியில் ராஜஸ்தானின் 182ஐத் துரத்தி 6 விக்கெட்டுக்கு 176. டெல்லியின் 183ஐத் துரத்தி 5 விக்கெட்டுக்கு 158. முல்லன்பூரில் பஞ்சாபின் 219ஐத் துரத்தி 5 விக்கெட்டுக்கு 201. பிறகு கொல்கத்தாவிடம் அந்த 103. நடுவிலுள்ள மூன்றையும் கவனியுங்கள். மூன்றிலும் 20 ஓவர் முடிந்தபோது நான்கைந்து விக்கெட் கையில் மிச்சம் இருந்தது. டெல்லிக்கு எதிராக விஜய் சங்கர் 54 பந்தில் 69, தோனி 26 பந்தில் 30. இருவரும் ஆட்டமிழக்காமலே இலக்குக்கு 26 ரன் குறைவாகத் திரும்பினார்கள். ஒரு கேட்ச் நழுவியதாலோ டாஸ் கைவிட்டதாலோ வந்த தோல்விகளாக இவற்றைப் பார்க்க முடியாது. விக்கெட்டைச் சேமித்துக் கடைசியில் அடிக்கலாம் என்ற பழைய முறை, முதல் பந்திலிருந்தே அடிக்கும் இன்றைய ஆட்டத்தோடு மோதி மூன்று முறை ஒரே மாதிரி உடைந்தது. ஷூஹார்ட்டின் மொழியில் இது காரணம் கண்டுபிடிக்கக்கூடிய கோளாறு. 2010இன் சூப்பர் ஓவர் தோல்வி இயல்பான சிதறலுக்குள் அடங்கும். இரண்டும் பட்டியலில் ஒரே ‘தோல்வி’ என்றே பதிவாகின்றன. அதனால்தான் பட்டியலை மட்டும் படிப்பவர்கள் ஏமாறுகிறார்கள்.

மீண்டுவந்த அணிகளைத் தேடிப் பொறுக்கி எடுத்துச் சொல்வது எளிது, மீளாதவை எத்தனை என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022இல் மும்பை முதல் 8 ஆட்டத்தையும் தோற்றுக் கடைசி இடத்தில் முடிந்தது. அதே ஆண்டு சென்னை முதல் நான்கையும் தோற்று 9ஆம் இடத்துக்குப் போனது. 2025இலும் அந்த ஐந்து தோல்விக்குப் பின் எழவில்லை. 14இல் 4 வெற்றியோடு, முதல்முறையாகக் கடைசி இடம். தோற்றுத் தொடங்கும் அணிகளில் பலவீனமான அணிகள் கூடுதலாக இருக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் 2022இல் சென்னையின் சரிவுக்கும் காரணம் கண்ணுக்குத் தெரிந்தே இருந்தது: பவர்பிளேயில் விக்கெட் எடுப்பதற்காகவே 14 கோடிக்கு வாங்கிய தீபக் சாஹர் காயத்தால் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அதற்கு மாறாக 2014ஐப் பாருங்கள். மக்களவைத் தேர்தலால் தொடரின் முதல் பகுதி ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்தது. அங்கே பஞ்சாப் 5 ஆட்டத்தையும் வென்றது, மும்பை 5 ஆட்டத்தையும் தோற்றது. இந்தியா திரும்பி ஆடுகளம் மாறியதும் மும்பை பிளே ஆஃபுக்குள் வந்துவிட்டது. முதல் 7இல் இரண்டே வெற்றி பெற்றிருந்த கொல்கத்தா, அதன்பின் ஒன்பதையும் தொடர்ந்து வென்று, இறுதியில் அதே பஞ்சாபை வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. சூடேறாத மெஷினில் வந்த பீஸ்களை வைத்து மும்பையையும் கொல்கத்தாவையும் எடைபோட்டவர்கள் எல்லாரும் அந்த ஆண்டு தவறினார்கள். பெரிய ஏலம் முடிந்து அணிகள் புதிதாகக் கட்டப்படும் ஒவ்வோர் ஆண்டும் இந்த எச்சரிக்கை கூடுதலாகப் பொருந்தும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. 14 ஆட்டம்தான் என்றால் பொறுமைக்கு இடம் எங்கே, ஏப்ரலில் இழந்த இரண்டு புள்ளி மே மாதத்தில் திரும்பி வருமா? வராது. 2024இல் சென்னை பெங்களூருவோடு 14 புள்ளியில் சமமாக நின்று நெட் ரன் ரேட்டில் வெளியேறியது; தொடக்கத்தில் இன்னொரு வெற்றி இருந்திருந்தால் உள்ளே போயிருக்கும். தோல்விக்கு விலை உண்டு என்பது உண்மை. ஆனால் விலையைக் கணக்கில் எழுதுவது வேறு, அந்தத் தோல்வியை வைத்து ஆட்டக்காரரின் தரத்தைத் தீர்ப்பது வேறு. பருவம் குறுகியது என்பதாலேயே தவறான திருத்தத்தின் விலையும் ஏறுகிறது. நகர்த்திய புனலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர ஆட்டம் மிச்சமிருக்காது. 2022இல் ஜடேஜா தலைமையில் சென்னைக்கு 8 ஆட்டம், 2 வெற்றி. ஏப்ரல் 30இல் பொறுப்பு தோனியிடம் திரும்பியது. நல்ல ஆல்ரவுண்டர் ஒருவர் அந்தச் சில வாரங்களில் சுமந்த வசவுக்கு அளவே இல்லை. புதியவர் ஒருவரைத் தலைவராகப் பழக்கும் முயற்சியும் எட்டே ஆட்டத்தில் முடிந்தது. இதே அணி 2019இல் ஷேன் வாட்சன் வரிசையாகக் குறைந்த ரன்னில் வெளியேறியபோது அவரைத் தொடவில்லை. ஏப்ரல் 23 அன்று ஹைதராபாதுக்கு எதிராக 96, இறுதி ஆட்டத்தில் 80. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதி ஆட்டத்தில் முதல் 10 பந்தில் ஒரு ரன்கூட எடுக்காமல் நின்றவரும் அவரே. புதுப் பந்தின் சுழிப்பு அடங்கியபின் 57 பந்தில் 117 அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தார்.

அப்படியானால் ரசிகர் எதைப் பார்ப்பது? முதல் 6 ஓவரில் எவ்வளவு ரன், துரத்தல் முடியும்போது எத்தனை விக்கெட் மிச்சம், கடைசி 4 ஓவர் பந்துவீச யார் இருக்கிறார், காயம் யாருக்கு, ஆடுகளம் நம் வீச்சாளர்களுக்கு ஏற்றதா. சேப்பாக்கத்தில் சொந்த மண்ணின் சாதகம் எதுவும் இல்லை என்று பெங்களூரு தோல்விக்குப் பின் பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங் சொன்னது அந்த 50 ரன்னைவிடக் கவனிக்க வேண்டிய செய்தி. 2025இல் நிர்வாகம் பிறகு செய்த திருத்தங்களும் ஆட்டமுறையைக் குறிவைத்தே இருந்தன. முழங்கை முறிவால் விலகிய ருதுராஜ் கெய்க்வாட்டுக்குப் பதிலாக 17 வயது ஆயுஷ் மாத்ரே வந்தார். ஏப்ரல் 20 அன்று மும்பைக்கு எதிரான தன் முதல் ஆட்டத்தில் 15 பந்தில் 32. காயமுற்ற குர்ஜப்னீத் சிங்கின் இடத்துக்கு டெவால்ட் பிரெவிஸ். இருவரும் முதல் பந்திலிருந்தே அடிப்பவர்கள். ஏப்ரல் 30இல் பஞ்சாபிடம் தோற்று வாய்ப்பு முடிந்துபோனது. ஆனால் மே 25 அன்று அகமதாபாத்தில், கடைசி இடத்தில் இருந்த அதே அணி குஜராத்துக்கு எதிராக 230 எடுத்து 83 ரன்னில் வென்றது. அந்த ஒரு வெற்றியும் ஒரு பீஸ்தான். அதை வைத்து அடுத்த ஆண்டின் கோப்பையை எழுதிவிட முடியாது. பவர்பிளேயில் அன்று பந்து எத்தனை முறை எல்லைக்கோட்டைத் தாண்டியது என்பதையும், அது மார்ச், ஏப்ரலில் எப்படி இருந்தது என்பதையும் அருகருகே எழுதிப் பார்த்தால் மெஷினின் செட்டிங் எங்கே மாறியது என்று தெரியும்.