காலை தொங்க விட்டு தலைகீழாக பறக்கும் ரெயில்! பாவு முடிந்ததும் பஸ் ஏறும் ஓரிக்கை நெசவாளி

காஞ்சீபுரம்,

பட்டு நெசவாளிக்கு கையில் நாலு காசு மிஞ்சினால் என்ன செய்வார்? வட்டியை கட்டுவார். பிள்ளைக்கு துணி எடுப்பார். மிஞ்சினால் ஒரு சினிமா பார்ப்பார்.

காஞ்சீபுரத்தை அடுத்த ஓரிக்கையில் ஒரு நெசவாளிக்கு இருக்கும் ஆசையே வேறு. இரும்பு தண்டவாளத்தில் தலைகீழாக சுழன்று ஓடும் 'ரோலர் கோஸ்டர்' என்றால் அவருக்கு உயிர்!

வயது 36. மனைவி, 10 வயதில் ஒரு மகன். 20 வருடமாக தறியில் உட்காருகிறார். தன் பெயர் மட்டும் வெளியே வரக்கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை. கூலி கொடுக்கும் முதலாளி தினமும் பேப்பர் படிப்பவராம்!

திருப்போரூர் அருகே இள்ளலூரில் ரூ.600 கோடிக்கு மேல் செலவில், 60 ஏக்கருக்கும் அதிகமான இடத்தில் 'ஒண்டர்லா' பொழுதுபோக்கு பூங்கா அமைக்கப்பட்டது. 2025-ம் ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி அது பொதுமக்களுக்கு திறந்து விடப்பட்டது. அங்குள்ள தொங்கும் ரோலர் கோஸ்டர்தான் நம் நெசவாளியின் மனதை கொள்ளை கொண்டது. இதுவரை 3 முறை போய் வந்து விட்டார்.

நினைத்த நேரத்தில் போய்விட முடியாது. தறியில் ஏற்றிய பாவு முடிந்து, கடைசி சேலையை அறுத்து கொடுத்து, கூலி கைக்கு வர வேண்டும். அடுத்த பாவு ஏறுவதற்குள் கிடைக்கும் ஒரு நாள்தான் அவருக்கு திருவிழா. விடியற்காலையில் கிளம்பி செங்கல்பட்டில் பஸ் மாறி போவார். டிக்கெட்டே ஆயிரத்தை தாண்டும். பஸ் செலவு, சாப்பாடு தனி.

காலுக்கு லீவு!

அப்படி என்ன இருக்கிறது அந்த ரெயிலில்?

இது பற்றி அவர் கூறியதாவது:-

"சின்ன வயசுல கருட சேவை திருவிழாவுக்கு வர்ற ராட்டினத்துல ஏறுவேன். அப்போ புடிச்ச பைத்தியம். அப்புறம் சாதா ரோலர் கோஸ்டர்லயும் ஏறி இருக்கேன். அதுல எல்லாம் காலுக்கு கீழே ஒரு பலகை இருக்கும். இதுல ஒண்ணுமே கிடையாது. தண்டவாளம் தலைக்கு மேல. நாம கீழே தொங்குறோம். காலு அந்தரத்துல ஆடும்.

"காலையில 6 மணிக்கு தறிக்குழியில காலை விட்டா மிதியை மிதிச்சுக்கிட்டே இருக்கணும். ராத்திரி எழுந்திரிக்கும்போது முட்டிக்கு கீழே மரத்து கிடக்கும். 20 வருசமா குழிக்குள்ள கிடந்த காலு சார் இது. அந்த ரெண்டு நிமிசம் அதுக்கு லீவு. மேல இருந்து விழும்போது நான் கத்த மாட்டேன். பக்கத்துல இருக்கிறவங்க கத்துவாங்க. நான் காலைத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

இவ்வாறு அவர் கூறினார்.

சுவிட்சர்லாந்து சரக்கு

இந்த ரெயிலை செய்தது சுவிட்சர்லாந்து நாட்டின் 'போலிகர்-மபிலார்' கம்பெனி. 1988-ம் ஆண்டு 2 என்ஜினீயர்கள் சேர்ந்து தொடங்கியது. தண்டவாளத்துக்கு கீழே ஆட்களை தொங்க விட்டு, தலைகீழாகவும் புரட்டி எடுக்கும் ரோலர் கோஸ்டரை முதன்முதலில் செய்தது இவர்கள்தான். 1992-ல் அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு பக்கத்தில் 'பேட்மேன்' என்ற பெயரில் அது ஓடத் தொடங்கியது.

மராட்டிய மாநிலம் கோப்போலி அருகே இமேஜிகா பூங்காவில் 2013-ல் வந்த 'நைட்ரோ'வும் இதே கம்பெனி தயாரிப்புதான். அது 5 முறை தலைகீழாக புரளும். ஆனால் அதில் தண்டவாளம் ஆசனத்துக்கு கீழே ஓடும்.

அதற்கெல்லாம் முன்னால் ரோலர் கோஸ்டர் மரத்தில்தான் இருந்தது. 1884-ல் நியூயார்க் கோனி தீவில் 5 சென்ட் வாங்கிக்கொண்டு ஏற்றினார்கள். அதன் வேகம் நம் ஊர் சைக்கிள் வேகம்! 1959-ல் கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் உருக்கு குழாயை வளைத்து தண்டவாளம் போட்டார்கள். நினைத்த பக்கமெல்லாம் வளைக்க முடிந்தது அதற்கு பிறகுதான்.

கழுத்து வலி வந்த கதை

தலைகீழாக போனால் ஆள் விழ மாட்டாரா? ஓரிக்கை டீக்கடையில் நம் நெசவாளியை எல்லோரும் கேட்கும் கேள்வி இது.

தண்ணீர் நிரம்பிய சொம்பை கயிற்றில் கட்டி வேகமாக சுழற்றினால் ஒரு சொட்டு கூட சிந்தாது. அதே கணக்குதான் இதுவும். வளையத்தில் வேகமாக சுழலும்போது உடம்பு ஆசனத்தோடு அழுத்தப்படும். அதற்கு மேல், தோள் வழியாக இறங்கி பூட்டிக்கொள்ளும் கவசம் வேறு இருக்கிறது.

ஆனால் வளையத்தின் உருவத்தில் சூட்சுமம் உண்டு. 1895-ல் கோனி தீவில் வட்டமாகவே ஒரு வளையம் செய்தார்கள். அதற்குள் நுழைந்ததும் விழுந்த உலுக்கலில் பலருக்கு கழுத்து வலி வந்தது. கடையை மூடி விட்டார்கள்! பிற்பாடு கண்ணீர் துளி போல மேலே குறுகி, கீழே அகன்ற வளையம் செய்தால் உலுக்கல் குறையும் என்று கண்டுகொண்டார்கள். 1976-ல் கலிபோர்னியாவில் ஜெர்மன் என்ஜினீயர் வெர்னர் ஸ்டெங்கல் கணக்கு போட்டு கொடுத்த 'ரெவல்யூஷன்' அந்த வளையத்தோடு ஓடியது.

என்ஜின் கிடையாது!

இன்னொரு ஆச்சரியம். இந்த ரெயிலுக்கு என்ஜினே கிடையாது. சங்கிலி ஒன்று உச்சிக்கு இழுத்து போய் விட்டு விடும். அதற்கு பிறகு இறங்கும் வேகத்திலேயே அடுத்த மேட்டில் ஏற வேண்டும். காற்றிலும் உராய்விலும் வேகம் கரைந்து கொண்டே வரும். அதனால் முதல் மேடுதான் பெரியது. போகப்போக மேடுகள் சிறுத்து விடும்.

மேலே ஏறும்போது ரோலர் கோஸ்டர்களில் 'கட கட' என்று ஒரு சத்தம் கேட்கும். பயந்து போனவர்கள் ஏதோ உடைகிறது என்று நினைப்பார்கள். சங்கிலியே அறுந்தாலும் ரெயில் பின்னால் சரியாமல் பல்லில் விழுந்து பிடித்துக்கொள்ளும் கொக்கியின் சத்தம் அது.

"அந்த சத்தம் கேட்டா எனக்கு நிம்மதி. தறி சத்தம் மாதிரி ஒரே தாளமா வரும். தறியில சத்தம் மாறினா எங்கேயோ இழை அறுந்துதுன்னு அர்த்தம். மாறாத வரைக்கும் பயம் இல்ல" என்கிறார் நம் நெசவாளி.

சக்கரமும் அப்படித்தான். சாதாரண ரெயிலின் சக்கரம் தண்டவாளத்தின் மேலே மட்டும் உட்கார்ந்திருக்கும். இதில் மேலே, பக்கவாட்டில், அடியில் என்று மூன்று விதமான சக்கரங்கள் குழாயை கவ்விப் பிடித்திருக்கும். எந்த பக்கம் புரண்டாலும் கழன்று வராது.

ஒன்றுக்கு மேற்பட்ட ரெயில் ஓடும் இடங்களில் பாதையை பல பகுதிகளாக பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஒரு ரெயிலுக்குத்தான் அனுமதி. முன்னால் போனது விலகாவிட்டால், பின்னால் வருவதை பிரேக் தானாகவே பிடித்து நிறுத்தி விடும்.

மகன் அழுதான்

மூன்றாவது முறை மகனையும் அழைத்து போனார். வரிசையில் நின்று வாசல் வரை வந்தாயிற்று. அங்கே உயரம் பார்க்கும் அளவுகோல் குறுக்கே நின்றது. பையன் 2 விரல் குறைவு. ஊழியர் விடவில்லை.

பையன் ஓவென்று அழுதான். "2 விரல்தானே, விடப்பா" என்று வரிசையில் நின்றவர்கள் சிபாரிசு செய்தார்கள். "குதிகாலை தூக்கி நில்லுடா" என்று யோசனை சொன்னவர்களும் உண்டு.

நெசவாளி என்ன செய்தார் தெரியுமா? ஊழியருக்கு நன்றி சொல்லி விட்டு, தானும் ஏறாமல் மகனை கூட்டிக்கொண்டு வெளியே வந்து விட்டார். ஒரு பாவு காத்திருந்து வந்த மனிதர்!

"கோர்வை போடும்போது ஒரு இழை தப்பினா போதும், கரை பூரா காட்டிக் கொடுத்துடும். 'ஒரு இழைதானே'ன்னு முதலாளி விடுவாரா? கூலியில புடிப்பாரு. அந்த கவசம் பெரிய உடம்புக்கு அளவு பாத்து செஞ்சது. சின்ன உடம்பு அதுல நிக்காது. அங்கே அளவை விட்டுக்கொடுக்காம இருக்கிறதாலதான் நான் தைரியமா ஏறுறேன். என் பையனுக்காக அதை வளைக்க சொன்னா, அடுத்த தடவை நானே ஏற மாட்டேன்" என்கிறார் அவர்.

ஏறக்கூடாதவர்கள்

இருதய நோய், ரத்த கொதிப்பு, கழுத்து, முதுகு வலி உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் எந்த ரோலர் கோஸ்டரிலும் ஏறக்கூடாது. செல்போன், சாவி, சில்லறை, மூக்கு கண்ணாடி இவற்றை கீழேயே வைத்து விட்டு போவது நல்லது. அந்த வேகத்தில் ஒரு சாவி விழுந்தாலும் யார் தலையையாவது பதம் பார்க்கும். கால் தொங்கும் ரெயில் என்பதால் செருப்பிலும் கவனம் வேண்டும்.

திருவிழாவிலோ பொருட்காட்சியிலோ ராட்டினம் ஏறுகிறவர்களும் ஒன்றை கவனிக்கலாம். பூட்டை ஊழியர் ஒவ்வொன்றாக இழுத்து பார்க்கிறாரா? பார்க்காவிட்டால் தயங்காமல் இறங்கி விடலாம்.

ஓரிக்கையில் இப்போது புது பாவு ஏறி விட்டது. தறிக்காலில் மகனை நிற்க வைத்து பென்சிலால் கோடு போட்டிருக்கிறார் நெசவாளி. மாதா மாதம் அளவு பார்க்கிறார்களாம்.

வாசலில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய மனைவி சிரித்தபடி சொன்னது இது:

"காசு குடுத்து பயத்தை வாங்கிட்டு வர்றாரேன்னு மொதல்ல சண்டை போட்டேன். போயிட்டு வந்தா ஒரு வாரத்துக்கு கால் வலின்னு சொல்றதில்ல. போவட்டும்னு விட்டுட்டேன். ஆனா என்னை மட்டும் கூப்பிட வேணாம்!"