குட்டி வீடு கட்டப் போகிறீர்களா? மண்வெட்டிக்கு முன் மவுஸைப் பிடியுங்கள்!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொல்லி வைத்தார்கள். கல்யாணமாவது கடனோ உடனோ வாங்கி ஒரே நாளில் முடிந்துவிடும். வீடு அப்படியில்லை. எந்த ஊருக்குப் போனாலும் லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன வீடு ஒன்றாவது கண்ணில் படும். சுவருக்குள் வேலிக்கருவை முளைத்திருக்கும். கட்டியவர் பக்கத்துத் தெருவில் இன்னமும் வாடகை கொடுத்துக்கொண்டிருப்பார். அவர் சோம்பேறியும் இல்லை, ஊதாரியும் இல்லை. கூரை போடும் முன் பணம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்த நிலை வராமல் தடுக்க, உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டரே உதவும். பாட்டு கேட்கவும் படம் பார்க்கவும் மட்டுமா அதை வாங்கினீர்கள்?

என் அக்காவுக்காக நான் போட்ட கணக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அக்கா தையல் வேலை செய்கிறார். பள்ளியில் படிக்கும் ஒரு மகள். மதுரை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒன்றரை சென்ட் மனை. தையல் வருமானம், சீட்டுப் பணம், விற்ற நகை எல்லாம் சேர்த்துக் கையில் 7 லட்சம் ரூபாய். "கடன் மட்டும் வேண்டாம்டா தம்பி. மாசம் மாசம் வட்டி கட்டிக்கிட்டு என்னால தூங்க முடியாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். (சின்ன வீடு என்றால் நம் ஊரில் சிரிப்பார்கள் என்பதால் நாங்கள் வைத்த பெயர் குட்டி வீடு!)

எவ்வளவு சின்னது?

ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஒன்றரை சென்ட் என்றால் சுமார் 653 சதுர அடி. நாலு பக்கமும் இடம் விட்டது போகத்தான் வீடு. இவ்வளவு சிறிய இடத்தில் குடும்பம் நடத்த முடியுமா என்று மலைக்க வேண்டாம். மத்திய அரசின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு சமையலிடம் உட்பட 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி. தமிழக அரசு 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டின் அளவு 360 சதுர அடி. ஆக, 300 சதுர அடியை ஒட்டிய வீடு என்பது பலரும் வாழும் வீடுதான்.

முதல் வேலை: வரைந்து பாருங்கள்

ஸ்வீட் ஹோம் 3டி என்ற சாஃப்ட்வேர் இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள்.

திறந்தவுடன் திரை நான்கு பகுதிகளாகத் தெரியும். இடது மேலே கதவு, ஜன்னல், கட்டில், மேஜை போன்ற பொருள்களின் பட்டியல். இடது கீழே நீங்கள் வீட்டுக்குள் வைத்த பொருள்களின் பட்டியல். வலது மேலே வரைபடம். வலது கீழே அதே வீடு முப்பரிமாணத்தில்.

முதலில் ஃபைல் மெனுவில் பிரிஃபரன்சஸ் சென்று அளவை அடிக்கு மாற்றுங்கள். நம் கொத்தனாருக்கு அடிக்கணக்குதான் பழக்கம். புதிய சுவரின் கனத்தையும் அங்கேயே கொடுக்கலாம். முக்கால் அடி, அதாவது 9 அங்குலம் கொடுங்கள். பிறகு பிளான் மெனுவில் கிரியேட் வால்ஸ். தொடங்கும் இடத்தில் ஒரு கிளிக், முடியும் இடத்தில் ஒரு கிளிக். வரையும்போது என்டர் தட்டினால் சுவரின் நீளத்தை நேரடியாக டைப் செய்யலாம். முடிந்ததும் எஸ்கேப் கீயைத் தட்டுங்கள்.

அடுத்து டேப்பை எடுத்து, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருள்களை அளங்கள். நாங்கள் கட்டில், பீரோ, தையல் மெஷின், கேஸ் அடுப்பு, சைக்கிள் எல்லாவற்றையும் அளந்தோம். பட்டியலில் உள்ள பொருளை மவுஸால் இழுத்து வரைபடத்தில் விட்டு, அதன் மேல் இரட்டைக் கிளிக் செய்தால் அளவை மாற்றலாம். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது வளைகோடாகத் தெரியும். 3டி வியூ மெனுவில் வர்ச்சுவல் விசிட் கொடுத்தால், அம்புக்குறி கீகளைத் தட்டி வீட்டுக்குள் நடந்தே பார்க்கலாம்.

அக்கா அப்படி நடந்து பார்த்தார். பீரோ வைத்த இடத்தில் ஜன்னல் பாதி மறைந்திருந்தது. குளியலறைக் கதவைத் திறந்தால் தையல் மெஷினில் இடித்தது. மவுஸால் இரண்டையும் நகர்த்தினோம். செங்கல்லில் இதே வேலையைச் செய்திருந்தால் இரண்டு நாள் கூலி போயிருக்கும்.

இரண்டாம் வேலை: கணக்குப் போடுங்கள்

உங்களிடம் எக்செல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலுள்ள கால்க் இந்த வேலைக்குத் தாராளம். புதிய ஒர்க் ஷீட்டில் ஐந்து தலைப்புகள் கொடுங்கள். ஏ வரிசையில் பொருள், பி-யில் அளவு, சி-யில் விலை, டி-யில் தொகை, இ-யில் 'இப்போது' அல்லது 'பிறகு'. டி2 செல்லில் =பி2*சி2 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். (பி, சி ஆகியவற்றை ஆங்கில எழுத்துகளாகவே டைப் செய்ய வேண்டும்.) அந்த செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிகளுக்கும் கணக்கு வந்துவிடும்.

சிமெண்ட் பல வரிகளில் வரும். அஸ்திவாரம், சுவர், கூரை, பூச்சு என எல்லாவற்றிலும் உண்டு. அதன் விலையை ஹெச்1 செல்லில் ஒரே ஒரு முறை எழுதிவிட்டு, மற்ற இடங்களில் =$ஹெச்$1 என்று கொடுங்கள். 2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்ட் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அப்படி விலை மாறும்போது ஒரு செல்லைத் திருத்தினால் போதும். மொத்தமும் தானாக மாறிவிடும்.

செங்கல்லுக்கும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்ச் செங்கல்லை அளங்கள். 9 அங்குல நீளம், 4 அங்குல அகலம், 3 அங்குல உயரம் என்றால், கலவைக்கு அரை அங்குலம் சேர்த்து =1728/(9.5*4.5*3.5) என்று கொடுங்கள். சுமார் 11.5 என்று வரும். ஒரு கன அடிச் சுவருக்கு அத்தனை கல் வேண்டும். உடைசலுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். கூரைக்கு, பரப்பளவை கான்கிரீட் கனத்தால் பெருக்குங்கள். 320 சதுர அடி, 5 அங்குலக் கனம் என்றால் 133 கன அடி, அதாவது சுமார் 3.8 கன மீட்டர். வழக்கமான 1:1.5:3 கலவைக்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமெண்ட் பிடிக்கும். ஆக, கூரைக்கு மட்டும் 30 மூட்டை.

சின்னதாக்கினால் செலவு குறையுமா?

முதலில் 20-க்கு 20, அதாவது 400 சதுர அடிக்குக் கணக்குப் போட்டோம். எங்கள் ஊர் விலையில் 9 லட்சம் ரூபாய் வந்தது. சதுர அடிக்கு 2,250. உடனே 16-க்கு 20 என்று 320 சதுர அடியாகக் குறைத்தோம். மொத்தம் 7 லட்சத்து 70 ஆயிரம். ஆனால் சதுர அடி விலை 2,406 ஆக ஏறிவிட்டது!

"என்னடா இது? வீட்டை அஞ்சில ஒரு பங்கு வெட்டியாச்சு. காசு அந்த அளவுக்குக் குறையலையே?" என்றார் அக்கா.

காரணம் ஷீட்டிலேயே இருந்தது. வீடு சிறியதானாலும் சில செலவுகள் அசையாது. எங்கள் கணக்கில் கழிப்பறை, குளியலறைச் சாமான்கள் 45,000. செப்டிக் டேங்க் 40,000. மோட்டார், தொட்டி, குழாய் 35,000. மின் இணைப்பு 25,000. நிலையும் வாசல் கதவும் 25,000. சமையல் மேடை 20,000. வரைபடமும் அனுமதியும் 20,000. ஆக 2 லட்சத்து 10 ஆயிரம். 400 சதுர அடிக்கும் 320 சதுர அடிக்கும் இதுவே. எனவே காண்டிராக்டர் "சதுர அடிக்கு இவ்வளவு" என்று பெரிய வீட்டு ரேட்டைச் சொன்னால், அதை உங்கள் குட்டி வீட்டோடு பெருக்கிப் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள். என்னென்ன அதில் சேரும் என்று வரி வரியாகக் கேளுங்கள்.

வடிவமும் முக்கியம். 18-க்கு 20 என்றாலும் 12-க்கு 30 என்றாலும் 360 சதுர அடிதான். ஆனால் வெளிச்சுவரின் சுற்றளவு முன்னதற்கு 76 அடி, பின்னதற்கு 84 அடி. கூடுதல் 8 அடிச் சுவரை 10 அடி உயரத்துக்கு 9 அங்குலக் கனத்தில் எழுப்பினால் ஏறக்குறைய 700 செங்கல் அதிகம். கொத்துக்கூலி, பூச்சு வேறு. மனை இடம் கொடுத்தால் சதுரத்தை ஒட்டியே கட்டுங்கள்.

இப்போதா, பிறகா?

கையில் 7 லட்சம். கணக்கோ 7 லட்சத்து 70 ஆயிரம். இங்கேதான் இ வரிசை கைகொடுத்தது. ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வி கேட்டோம்: குடிவந்த பிறகு இதைச் செய்ய முடியுமா?

அஸ்திவாரம், சுவர், கூரை, கூரைக்குள் போகும் வயரிங் பைப், கழிப்பறை, செப்டிக் டேங்க் எல்லாம் 'இப்போது'. தரை டைல்ஸ் 34,000, வெளிப்பூச்சும் பெயிண்டும் 48,000, அலமாரிக் கதவும் பரணும் 23,000. இவை 'பிறகு'. டேட்டா மெனுவில் சார்ட் கொடுத்து இ வரிசைப்படி பிரித்தோம். 'பிறகு' தொகைகளை மட்டும் மவுஸால் தேர்ந்தெடுத்தால் கூட்டுத்தொகை திரையின் அடியில் தெரியும். 1 லட்சத்து 5 ஆயிரம்.

சிக்கனத்துக்கும் வழி இருந்தது. கதவு, ஜன்னலைப் பழைய மரக்கடையில் வாங்கியதில் 16,000 மிச்சம். சமையலறையையும் குளியலறையையும் ஒட்டி வைத்து, இரண்டுக்கும் ஒரே குழாய் வரிசை கொடுத்தோம். உள்சுவர்களை நாலரை அங்குலமாக்கினோம். வெளிச்சுவரை எலிப்பொறிக் கட்டு முறையில் எழுப்பினோம். செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் முறை இது. இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர் இதைப் பரவலாக்கினார். செங்கல்லில் கால் பங்கு வரை மிச்சமாகும், வீட்டுக்குள் வெப்பமும் குறையும். ஒரே அளவான கல்லும், முறை தெரிந்த கொத்தனாரும் வேண்டும். இவற்றில் 22,000 மிச்சம்.

மீதி 6 லட்சத்து 27 ஆயிரம். எதிர்பாராத செலவுக்கு 10 சதவீதம் சேர்த்தால் 6 லட்சத்து 89 ஆயிரத்து 700. கைப்பணத்துக்குள் வந்துவிட்டது.

கூரைப் பணத்தைத் தொடாதீர்கள்

இரண்டாவது ஷீட்டில் நான்கு வரிகள் போதும்: அஸ்திவாரம், சுவர், கூரை, உள்வேலை. ஒவ்வொன்றுக்கும் திட்டம், செலவானது, மீதி. கம்பி, சிமெண்ட், சென்ட்ரிங் கூலி எல்லாம் சேர்த்துக் கூரைக்கான தொகையை முதல் நாளே தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட்டோம். அஸ்திவாரத்தில் பாறை வந்து 18,000 கூடுதலானது. பூஜையறைக்குக் கிரானைட் போடலாம் என்று உறவினர் ஒருவர் ஆசை காட்டினார். இரண்டு முறையும் அக்கா ஷீட்டைத்தான் பார்த்தார். பாறைக்கு 10 சதவீதத்திலிருந்து பணம் போனது. கிரானைட்டுக்கு 'பிறகு' என்று ஒரு வரி சேர்ந்தது.

கம்ப்யூட்டர் சொல்லாதவை

திரையில் கூரை அழகாகத் தெரியும். அது தாங்குமா என்று அந்தச் சாஃப்ட்வேருக்குத் தெரியாது. கம்பியின் கனம், இடைவெளி, அஸ்திவார ஆழம் மூன்றையும் என்ஜினியரிடம் விட்டுவிடுங்கள். அந்தக் கட்டணத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

அனுமதியும் அவசியம். தமிழகத்தில் 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீடுகளுக்கு, சுயசான்று அடிப்படையில் இணையம் வழியே அனுமதி தரும் முறை 2024 ஜூலையில் வந்தது. பக்கவாட்டில் எத்தனை அடி விட வேண்டும் என்பதை உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டு வரையத் தொடங்குங்கள்.

ஃபைலை ஒரு பென் டிரைவிலும் சேமித்து வையுங்கள். வரைபடத்தைப் பிரின்ட் எடுத்துக் கொத்தனாருக்கு ஒன்று, எலக்ட்ரீசியனுக்கு ஒன்று கொடுங்கள்.

அக்கா சிமெண்ட் தரையிலேயே குடிவந்தார். வெளிச்சுவர் இன்னும் செங்கல்லாகத்தான் இருக்கிறது. வாடகையாகப் போன பணம் இப்போது மிச்சமாகிறது. இ வரிசையில் டைல்ஸுக்கு எதிரே இருந்த 'பிறகு' சென்ற மாதம் 'இப்போது' ஆகிவிட்டது. மாற்றி டைப் செய்தது அக்காவின் மகள்.