உறங்காத கொடியும் காத்திருக்கும் குடும்பமும்

தலைமுறைத் தொழில்கள் – 9

முல்லைப் பெரியாற்றில் 1895ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அணையிலிருந்து மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்படும் நீர், தேனி, மதுரை மாவட்டங்களைக் கடந்து சிவகங்கை மாவட்டத்தின் சில பகுதிகள் வரை வந்து சேர்கிறது. காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டுச் செம்மண்ணில், கண்மாயும் ஊருணியும் மழையை நம்பியே நிறைவதாலும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் நீண்ட வெயில் காலம் தொடர்வதாலும், திராட்சை ஒரு தொழிலாக வேரூன்றவில்லை. ஆனால் பெரியாற்று நீர் மலையிறங்கி முதலில் பாயும் கம்பம் பள்ளத்தாக்கிலோ, சிறு நிலங்களை உடைய குடும்பங்கள் பல தலைமுறைகளாகத் திராட்சையைப் பயிரிட்டு வருகின்றன. ஒயினுக்குரிய திராட்சையை வளர்ப்பது ஏன் பெரும்பாலும் குடும்பத் தொழிலாகவே நிலைக்கிறது என்பதையும், அத்தகைய தோட்டம் ஒன்று தமிழ்நாட்டில் உருவாக என்ன வேண்டும் என்பதையும் இப்பகுதி ஆராய்கிறது.

கம்பத்தில் விளைவது, உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று வழங்கும் கருநிறப் பன்னீர்த் திராட்சை. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 19ஆம் நூற்றாண்டில் இதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. கல்தூண்களை நட்டு, அவற்றின் மேல் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய பந்தலில் கொடியைப் படரவிட்டு, குலைகள் கீழ்நோக்கித் தொங்குமாறு வளர்ப்பது இங்குள்ள முறை. மேற்குத் தொடர்ச்சி மலையின் அணைப்பில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் உயரத்தில் அமைந்த இப்பள்ளத்தாக்கில், ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் கொடி பூத்திருப்பது வழக்கமாதலால், ஆண்டின் எல்லா மாதங்களிலும் பழம் சந்தைக்கு வருகிறது. 2023ஆம் ஆண்டு கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளின் தன்மை அது பிறந்த இடத்தோடு பிணைந்தது என்பதற்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது.

ஆண்டு முழுவதும் பழம் கிடைப்பதற்கான காரணம் கொடியின் இயல்பிலேயே இருக்கிறது. பிரான்சு போன்ற குளிர்நாடுகளில் இலையுதிர்த்துப் பனிக்காலம் முழுவதும் உறங்கும் கொடி, வசந்தத்தில் துளிர்த்து ஆண்டுக்கு ஒரே ஒரு முறை பழுக்கிறது. பருவத்தை அங்கே குளிர் வகுக்கிறது. தென்னிந்தியாவில் அந்த உறக்கம் இல்லாததால், கிளைகளை வெட்டிக் கொடியைப் புதிதாகத் துளிர்க்கச் செய்யும் கவாத்தே பருவத்தைத் தொடங்கிவைக்கிறது. கவாத்து செய்த நாளிலிருந்து ஏறக்குறைய நான்கு மாதங்களில் பன்னீர்த் திராட்சை அறுவடைக்கு வருமாதலால், டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் கோடையிலும், மே, ஜூனில் வெட்டினால் மழைக்காலத்திலும் பழம் பறிக்கலாம். மகாராட்டிரத்திலும் கர்நாடகத்திலும் இருமுறை கவாத்து செய்தாலும் ஒரு விளைச்சலையே எடுக்கிறார்கள்: ஏப்ரலில் செய்யும் கவாத்து கொடியின் உடலை வளர்ப்பதற்கு, அக்டோபரில் செய்யும் கவாத்து பழத்துக்கு. அடுத்து வரப்போகும் பூங்கொத்தின் கரு, மொட்டுக்குள் சில மாதங்களுக்கு முன்பே உருவாகிவிடுகிறது என்பதாலும், அதற்குப் போதிய வெளிச்சம் வேண்டும் என்பதாலும், எந்த நாளில் எத்தனை கண்களை விட்டு வெட்டுவது என்னும் முடிவே அறுவடையின் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. இந்த அறிவு, தந்தையின் அருகில் நின்று கத்தரிக்கோல் பிடித்துப் பழகியவருக்கு எளிதில் வாய்ப்பது.

சந்தையில் விற்கும் பழத்துக்கும் உயர்தர ஒயினுக்குரிய பழத்துக்கும் உள்ள வேறுபாடு சுவையளவில் முடிவதன்று. ஈஸ்ட் எனப்படும் நுண்ணுயிர், பழச்சாற்றின் சர்க்கரையைச் சாராயமாக மாற்றுவதே ஒயினின் அடிப்படை. ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு விழுக்காடு சாராயம் உண்டாகும். ஆகவே சாற்றின் இனிப்பை அளக்கும் பிரிக்ஸ் அளவையில், உண்ணும் பழத்துக்கு 16 முதல் 18 போதுமாயிருக்க, ஒயின் பழத்துக்கு 22 முதல் 24 வரை வேண்டியிருக்கிறது. அதே வேளையில் புளிப்பும் குறைந்துவிடக்கூடாது. வெப்பமான இரவுகளில் பழம் தன் புளிப்பின் ஒரு பகுதியைத் தானே எரித்துவிடுவதால், குளிர்ந்த இரவுகளைத் தரும் உயரமான இடங்களை ஒயின் விவசாயிகள் தேடுகிறார்கள். சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தே வருவதால், சாறு நிறைந்த பெரிய பழத்தைவிடத் தோல் மிகுந்த சிறிய பழமே விரும்பப்படுகிறது. இவையெல்லாம் ஒருங்கே அமைவதற்குக் கொடியின் சுமையைக் குறைத்தாக வேண்டும்: பன்னீர்த் திராட்சை ஆண்டுக்கு எக்டேருக்கு 30 டன் வரை தரக்கூடியது, பிரான்சின் பர்கண்டி வட்டாரத்து முதல்தரத் தோட்டங்களோ ஏறக்குறைய 5 டன்னோடு நிறுத்திக்கொள்கின்றன.

இந்தியாவில் இந்தக் கணக்கை ஒரு குடும்பம் துணிந்து ஏற்றதற்குச் சான்று, பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரத்தில் இருக்கிறது. தொழில் நிமித்தமாகப் பிரான்சுக்குப் பலமுறை சென்றுவந்த கன்வல் குரோவர், ஷாம்பெய்ன் வட்டாரத்து வல்லுநர் ஜார்ஜ் வெசெல் என்பவரின் துணையோடு பல பிரெஞ்சு இனங்களையும் பல இடங்களையும் சோதித்தபின், 1988இல் தொட்டபல்லாபுரம் அருகே, 900 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், தோட்டத்தை நிறுவினார். 1990களின் நடுப்பகுதி முதல் போர்தோ வட்டாரத்து ஒயின் அறிஞர் மிஷெல் ரோலான் ஆலோசகராக இருந்தார். மகன் கபில் பொறுப்பேற்றார். பேத்தி கரிஷ்மா கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் திராட்சை வளர்ப்பும் ஒயின் அறிவியலும் கற்றுத் திரும்பினார். 2012இல் நாசிக்கைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றோடு இணைந்து குரோவர் சாம்பா எனப் பெயர் பெறும் வரை, ஏறக்குறைய கால் நூற்றாண்டு அத்தோட்டம் ஒரு குடும்பத்தின் பொறுமையில் வளர்ந்தது.

நட்ட கொடி முதல் பழம் தருவதற்கே மூன்றாண்டுகள் ஆகலாம். வேர் ஆழ்ந்து, பழத்தின் தரம் நிலைப்பட மேலும் பல ஆண்டுகள் கழிய வேண்டும். சிவப்பு ஒயின் மரப்பீப்பாயிலும் புட்டியிலும் முதிர்வதற்கும் தனிக்காலம் தேவை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் முகவர்களை மூன்றாண்டுத் தவணையில் அனுப்பி, திரும்பி வந்தபின் கணக்குப் பார்த்த செட்டிநாட்டு நகரத்தார் வணிகக் குடும்பங்களுக்கு இத்தகைய காலக்கணக்கு புதிதன்று. நடுவதற்குச் செலவிடுபவரும் பயனை நுகர்பவரும் ஒரே குடும்பத்தின் வெவ்வேறு தலைமுறையினராக இருக்கும்போதுதான், குலையைக் குறைத்து வெட்டும் இழப்பு இழப்பாகத் தோன்றாது.

ஒயின் தொழிலுக்குப் பன்னீர்த் திராட்சை உகந்ததன்று என்னும் எண்ணம் முழு உண்மையன்று. சீனாவின் தியான்ஜின் நகரில், பிரான்சின் ரெமி மார்டின் நிறுவனத்தோடு கூட்டாக 1980இல் தொடங்கப்பட்ட டைனஸ்டி ஆலை இவ்வினத்தைப் பயன்படுத்தியது. கலிபோர்னியாவின் வெப்பமான மடேரா பகுதியில் 1970களில் தொடங்கிய குவாடி குடும்பத்தின் ஆலை, இதே பழத்திலிருந்து எலிசியம் என்னும் இனிப்பு ஒயினைத் தயாரிக்கிறது. நொதித்தல் முழுமை அடையுமுன் வடித்த சாராயத்தைச் சேர்த்து நிறுத்திவிடுவதால், பழத்தின் சர்க்கரையும் ரோஜாவை ஒத்த மணமும் அதில் தங்கிவிடுகின்றன. ஜெரானியால் என்னும் மணப்பொருள் ரோஜாவிலும் இத்திராட்சையிலும் உண்டு. தமிழ்நாட்டு வெயிலில் போர்தோவைப் போலச் செய்ய முயல்வதைவிட, இந்த மணத்தை மையமாகக் கொண்ட இனிப்பு ஒயினே கம்பத்துக்கு இயல்பான வழி என்று கருத இடமுண்டு.

ஆயின் இன்றைய சந்தை பழத்தை எடை பார்த்தே வாங்குகிறது. கிலோவுக்கு விலை பேசப்படும் வரை, 30 டன் விளைவிக்கத் தெரிந்த விவசாயியிடம் அதில் பாதியோடு நிறுத்துமாறு சொல்வது அநீதி. சாற்றின் இனிப்பு, புளிப்பு, குலையின் நலம் ஆகியவற்றை அளந்து விலை தரும் நீண்டகால ஒப்பந்தமும், அறுவடையை இரண்டு வாரம் தள்ளிப்போடுவதால் நேரும் மழை, நோய் இழப்பை ஈடுசெய்யும் காப்பீடும் அமைந்தால், பருவத்தைத் தம் கையாலேயே தொடங்கிவைக்கப் பழகிய கம்பத்துக் குடும்பங்கள் அந்தத் தரத்தை எட்ட நெடுங்காலம் ஆகாது. திறமை அங்கே ஏற்கனவே இருக்கிறது; குறைவாக விளைவிப்பவருக்கு நியாயமான கூலி கிடைக்கச் செய்வதே எஞ்சிய பணி, அதைச் செய்யவேண்டிய பொறுப்பு வாங்குபவரையும் அரசையும் சார்ந்தது.

(தொடரும்)