சளியை இளக்கும் கசப்பு

சளி இருமலுக்கு வாங்கிய சிரப் பாட்டிலைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். அம்ப்ராக்சால், புரோம்ஹெக்சின் என்ற இரண்டு பெயர்களில் ஒன்று பல பாட்டில்களில் இருக்கும். இரண்டும் ஜெர்மனியில் உருவான மருந்துகள். அவற்றின் மூதாதையோ நம் ஊர் வேலியோரத்தில் நிற்கிறது. ஆடாதோடை என்ற அந்தச் செடியைத் தினமும் பார்ப்பவர்களில் எத்தனையோ பேருக்கு இந்த உறவு தெரியாது.

கனகாம்பரம், டிசம்பர் பூ, நிலவேம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது ஆடாதோடை. ஓர் ஆள் உயரத்துக்கும் மேலாகப் புதராக வளரும். இலை மாவிலையைப் போல நீண்டு, நுனி கூராக இருக்கும். கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். வெள்ளைப் பூவில் மேலும் கீழுமாக இரண்டு உதடுகள். கீழுதட்டில் செந்நீலக் கோடுகள். குச்சியை ஒடித்து நட்டாலே துளிர்த்துவிடும். இலையைக் கிள்ளி நாக்கில் வைத்தால் அந்தக் கசப்பு சுலபத்தில் போகாது. கண்டதையெல்லாம் மேயும் ஆடுகூட இதை விட்டு விலகிப் போவதால்தான் தோட்டத்துக்கு உயிர்வேலியாக இதை நட்டார்கள்.

அந்தக் கசப்பைத்தான் நம் வீடுகளில் மருந்தாக்கினார்கள். ஆடாதோடை இலையைப் பச்சையாக இடித்தால் சாறு எளிதில் இறங்காது. அதனால் இலையை இட்லித் தட்டில் வைத்து ஆவியில் வாட்டி, வதங்கியதும் துணியில் கட்டிப் பிழிவார்கள். அப்போது கரும்பச்சைச் சாறு சொட்டும். அதில் தேன் கலந்து கொடுப்பது கைவைத்தியம். மிளகும் திப்பிலியும் சேர்த்துக் கஷாயம் வைப்பவர்களும் உண்டு. சித்த மருந்தான ஆடாதோடை மணப்பாகு இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. இரைப்பு, கோழைக்கட்டு, கோழையோடு ரத்தம் வருதல் என்று மார்பு சார்ந்த தொல்லைகளுக்கே இதைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்தினார்கள். எந்த நோய்க்கு எந்த இலை என்ற இந்தக் குறிப்புதான் பின்னால் வந்த வேதியியலுக்கு வழிகாட்டியது.

வேதியியலின் கதை ஊட்டியில் தொடங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டில் நீலகிரியில் சிங்கோனா மரங்களைப் பயிரிட்டார்கள். அவற்றின் பட்டையில் மலேரியாவுக்கான குயினைன் எவ்வளவு இருக்கிறது என்று சோதிக்க, சென்னை மாகாண அரசு டேவிட் ஹூப்பர் என்ற வேதியியலாளரை அங்கே நியமித்திருந்தது. பட்டையில் குயினைன் போன்ற அல்கலாய்டுகளைத் தேடிப் பழகிய அவர் ஆடாதோடை இலையையும் ஆராய்ந்தார். அதில் கசப்பான ஓர் அல்கலாய்டு இருப்பதை 1888-இல் அறிவித்து, அதற்கு வாசிசின் என்று பெயரிட்டார். பதினொரு கார்பன் அணுக்களும் இரண்டு நைட்ரஜன் அணுக்களும் கொண்ட சிறிய மூலக்கூறு அது. இலை உலரும்போதும் காற்றுப் படும்போதும் அதில் ஒரு பகுதி ஆக்சிஜனேற்றம் அடைந்து வாசிசினோன் என்ற இன்னொரு பொருளாகிறது.

செடி எதற்காக இதைத் தயாரிக்கிறது? நமக்கு இருமல் வரும் என்பதற்காகத் தயாரிக்கவில்லை. ஓடித் தப்ப முடியாத தாவரத்துக்குக் கசப்பும் நஞ்சும்தான் காவல். புரதங்களுக்கு வேண்டிய டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் வழியில், ஆந்த்ரனிலிக் அமிலம் என்றொரு இடைப்பொருள் உண்டாகிறது. செடி அதில் கொஞ்சத்தை எடுத்து வாசிசினாக மாற்றிக்கொள்கிறது. மேய வரும் விலங்குக்கும் கடிக்க வரும் பூச்சிக்கும் வைத்த தடை, மனித உடலுக்குள் வேறொரு வேலையைச் செய்கிறது. மூலிகைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இருக்கும் விந்தை இதுதான்.

மனித உடலில் அந்த வேலை நடப்பது மூச்சுக்குழாயில். அதன் உட்சுவர் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இருக்கின்றன. காற்றில் நெல்வயல் அலையடிப்பது போல, அவை நொடிக்குப் பத்து முறைக்கும் மேல் ஒரே திசையில் அசைகின்றன. அவற்றின் மேல் மெல்லிய சளிப்படலம் ஊர்ந்துகொண்டே இருக்கும். நாம் இழுக்கும் தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொண்டு தொண்டையை நோக்கி மேலேறிவிடும். நோய் வந்தால் சளி கெட்டிப்படுகிறது. சர்க்கரையும் புரதமும் பிணைந்த நீண்ட இழைகள் பின்னிக்கொள்வதால் நுண்மயிர்களால் அதை நகர்த்த முடிவதில்லை. அப்போதுதான் இருமி இருமி வெளியே தள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே சளியைத் தடுப்பதைவிட, அதை இளக்கி நகர வைப்பதுதான் மருந்து செய்ய வேண்டிய வேலை.

வாசிசினின் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனத்து வேதியியலாளர்கள் புதிய மூலக்கூறுகளை உருவாக்கினார்கள். இணைந்திருந்த வளையங்களில் பென்சீன் வளையத்தை வைத்துக்கொண்டு மற்றதைத் திறந்து, இரண்டு புரோமின் அணுக்களைப் பொருத்தினார்கள். அப்படிப் பிறந்த புரோம்ஹெக்சின் 1963-இல் விற்பனைக்கு வந்தது. அது சளியின் இழைகளைத் துண்டாக்குகிறது. நீர்த்த சுரப்பைக் கூட்டுகிறது. புரோம்ஹெக்சினை விழுங்கியதும் உடலே அதை மாற்றி வேறொரு பொருளாக்குகிறது என்பது பின்னர் தெரிந்தது. அந்தப் பொருளையே தனி மருந்தாகத் தயாரித்தார்கள். அதுதான் அம்ப்ராக்சால். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்புப் பொருள் சுரக்கவும் அது தூண்டுகிறது.

அம்ப்ராக்சாலின் பயணம் இதோடு முடியவில்லை. செல்லுக்குள் கழிவுகளைச் சிதைக்கும் குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற நொதி சிலருக்கு மரபணுக் கோளாறால் சரியாக மடிவதில்லை. அவர்களுக்குக் கோஷே என்ற மரபு நோய் வரலாம்; பார்கின்சன் நோய் வரும் வாய்ப்பும் அதிகம். இந்த நொதி சரியாக மடிந்து உரிய இடத்துக்குப் போய்ச்சேர அம்ப்ராக்சால் துணை செய்கிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 17 பார்கின்சன் நோயாளிகளுக்கு அதை நாளொன்றுக்கு 1,260 மில்லிகிராம் வரை கொடுத்து, 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மருந்து மூளையைச் சூழ்ந்த திரவம் வரை சென்றது. அங்கே அந்த நொதியின் அளவு சுமார் 35 சதவீதம் கூடியது. நோயின் வேகம் குறைகிறதா என்பதைப் பெரிய சோதனைகள்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் வேலிச்செடியின் கசப்பிலிருந்து கிளைத்த ஒரு மூலக்கூறு மூளை நோய்க்கான ஆய்வு வரை போயிருப்பது எண்ண எண்ண வியப்பாக இருக்கிறது.

இந்தச் செடிக்கு இன்னொரு முகமும் உண்டு. வாசிசின் கருப்பையைச் சுருங்க வைக்கும். ஜம்முவில் இருந்த அரசு ஆராய்ச்சிக்கூடத்தில் 1970, 80-களில் இந்த இயல்பை விரிவாக ஆராய்ந்தார்கள். பிரசவத்தை எளிதாக்க இந்த இலையைப் பயன்படுத்திய பழைய வழக்கத்துக்கும் இதுவே காரணம். ஆகவே கர்ப்பிணிகள் ஆடாதோடைக் கஷாயம் குடிக்கக் கூடாது. மூலிகை என்றால் தீங்கே செய்யாது என்று நம்புவோர், ஆட்டை விரட்டும் அளவுக்கு இந்த இலையில் சரக்கு இருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். பருவம், மண், இலையின் முதிர்ச்சி ஆகியவற்றுக்கு ஏற்ப வாசிசினின் அளவும் மாறும். ஒரு பிடி இலையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று கையால் எடை போட முடியாது. மாத்திரையில் அந்த அளவு நிலையாக இருக்கிறது. ஆய்வகம் நமக்குத் தந்த பெரிய கொடை அது.

காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைப் புரோம்ஹெக்சினும் அம்ப்ராக்சாலும் சோதனைக் குழாயில் தடுத்ததாக 1996-இல் ஓர் ஆய்வு வந்தது. அதை நம்பி யாரும் கஷாயத்தோடு நின்றுவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், கோழையில் ரத்தம் வந்தால், முதலில் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே சளிப் பரிசோதனை இலவசம்.

பாட்டி வைத்தியமா, ஆங்கில மருந்தா என்று இரண்டையும் மோதவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆடாதோடையின் வரலாறு இந்தச் சண்டைக்கு இடமே தரவில்லை. எந்த இலையில் தேட வேண்டும் என்பதை அனுபவம் சொன்னது. அதில் என்ன இருக்கிறது, எவ்வளவு தரலாம், யாருக்குத் தரக் கூடாது என்பதை ஆய்வகம் சொன்னது. நொச்சி, தூதுவளை, கண்டங்கத்திரி என்று நம் கைவைத்தியத்தில் இன்னும் எத்தனையோ பெயர்கள் இருக்கின்றன. எதை, எப்படிப் பக்குவம் செய்து, எந்த நோய்க்குக் கொடுத்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்போம். காம்பவுண்டு சுவர் கட்டுகிறவர்கள் ஆடாதோடைக்கு ஒரு மூலையை ஒதுக்கட்டும். செடியும் அதைப் பற்றிய அறிவும் சேர்ந்து உயிரோடு இருந்தால்தான் அடுத்த தலைமுறை அதனிடம் புதிய கேள்விகளைக் கேட்க முடியும்.