முசுறின் நாடா

துணியும் நூலும் பொருள்கள், ஊசி கருவி. திருப்பூர்வாசிகளுக்கு இவ்வேறுபாட்டை எவரும் விளக்க வேண்டியதில்லை. விலங்குகளிடம் கருவி உண்டா என்னும் வினாவுக்கும் இதுவே திறவுகோல். தன் உடலுறுப்பாக அமையாத ஒன்றைப் பற்றி எடுத்து, அதனைக் கொண்டு வேறொன்றை மாற்றியமைத்தலே கருவிப் பயன்பாடு என்பர் அறிவியலார்.

கருவி செய்வோன் மனிதன் ஒருவனே என்று நெடுங்காலம் நம்பினோம். 1960-இல் ஆப்பிரிக்காவின் கோம்பே காட்டில், சிம்பன்சி ஒன்று குச்சியின் இலைகளை உருவிக் கறையான் புற்றுக்குள் நுழைத்ததை ஜேன் குடால் கண்டார். அந்நம்பிக்கை ஆட்டம் கண்டது. கருநாடகத்து நாகரஹொளெயில் யானைகள் நீண்ட கிளையை முறித்துச் சிறிதாக்கி ஈ ஓட்டுவதை 2001-இல் வெளிவந்த ஆய்வு பதிவு செய்தது.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். தையல் சிட்டு இலையோரங்களில் துளையிட்டு, பருத்தி இழையாலும் சிலந்தி நூலாலும் தைத்துக் கூடமைக்கிறது. வியத்தகு தையல்தான், ஆயினும் அங்கே ஊசி அதன் அலகே, இழையோ வெறும் பொருள். மேற்கண்ட இலக்கணப்படி அங்குக் கருவி இல்லை.

மாமரத்து முசுறு எறும்பின் நிலை வேறு. வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இரு இலைகளின் விளிம்புகளை இழுத்து நெருக்குகின்றன. இடைவெளி அகன்றிருந்தால் ஒன்றன் இடையை ஒன்று கவ்விச் சங்கிலியாகின்றன. வேறு சில எறும்புகள் தம் கூட்டத்தின் இளம்புழுக்களைத் தாடையில் ஏந்தி வந்து, அவற்றின் வாயை இரு விளிம்புகளிலும் மாறிமாறி வைக்கின்றன. புழு சுரக்கும் பட்டிழை இலைகளைப் பிணைக்கிறது. பல்லடத்து விசைத்தறியில் ஓடும் நாடாவைப் போலவே புழு இங்குமங்கும் செல்கிறது. எறும்பினங்கள் பலவற்றில் புழு தன் இழையால் தனக்கே கூடு கட்டிக்கொள்ளும். முசுறுப் புழுவுக்கு அக்கூடு இல்லை. அதன் இழை முழுதும் பொதுக்கூட்டுக்கே போய்விடுகிறது.

உயிருள்ள புழுவைக் கருவி எனலாமா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. நம்மை உறுத்துவதோ வேறு வினா. எறும்பின் பெயரால் ஓர் அத்தியாயத்தையே கொண்ட திருமறையை ஓதும் நாம், எறும்பைக் குறை கூறப் போவதில்லை. அதற்கு இயல்பே நெறி. மனிதனுக்கோ தெரிவு உண்டு, ஆகவே பொறுப்பும் உண்டு. பிசிறு வெட்டப் பிள்ளைகளை அனுப்பிய காலமும் இவ்வூருக்கு இருந்தது. தனக்கெனக் கூடு கட்ட வேண்டிய பருவத்தின் இழையை நாம் உருவிக்கொண்டோம். குழந்தை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம், நாடா அன்று.