“உள்ளேன், ஐயா!”

காலை மணி அடிக்கிறது. ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை அழைக்கிறார். “உள்ளேன், ஐயா!” “உள்ளேன், ஐயா!” குரல்கள் எழுகின்றன. ஒரு பெயருக்கு மட்டும் குரல் இல்லை. மீண்டும் அழைக்கிறார், பதில் இல்லை. கட்டத்தில் ஒரு குறி விழுகிறது. அடுத்த பெயருக்குப் போய்விடுகிறார்.

தோழர்களே! அந்தப் பிள்ளை எங்கே? தேநீர்க் கடையிலே கண்ணாடி டம்ளர் கழுவுகிறானா? தாய் நடவுக்குப் போய்விட்டதால் தம்பியின் தொட்டிலை ஆட்டிக் கொண்டிருக்கிறாளா? செங்கற்சூளைக்குப் புறப்பட்ட குடும்பத்தோடு லாரி ஏறிவிட்டானா? பதிவேடு அதைச் சொல்லாது. வரவில்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டியவர் யார்?

‘கட்டாயக் கல்வி’ என்றதும், கட்டாயம் நம் தலைமீதுதான் என்று எண்ணி அஞ்சுகிற பெற்றோர் உண்டு. 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதும், அது நாள்தோறும் வருவதை உறுதி செய்வதும், எட்டாம் வகுப்பை முடிக்கச் செய்வதும் அரசின் கட்டாயம் என்கிறது 8-ஆம் பிரிவு. பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் தவறிய தந்தைக்கு அந்தச் சட்டத்திலே தண்டம் இல்லை. இங்கிலாந்திலோ, காரணமின்றி ஐந்து நாள் வராவிட்டால் பெற்றோருக்கு 80 பவுன் அபராதம் விதிக்க 2024 ஆகஸ்டு முதல் வழி செய்திருக்கிறார்கள். ஏழையிடம் அபராதம் வாங்கினால் பிள்ளை வந்துவிடுமா?

பிள்ளை எதனால் வரும் என்பதை நம்மவர்கள் நூறாண்டுக்கு முன்பே கண்டார்கள். 1920-இல், சர் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, தலைக்கு ஒரு அணாவுக்கு மிகாமல், சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தார்கள். பசித்த வயிறு பாடம் கேட்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1925-இல் ஆங்கில ஆட்சி அந்தச் செலவுக்குத் தடை போட்டது, வருகையும் சரிந்தது. மதிய உணவு, சத்துணவு, 2022-இல் தொடங்கிய காலை உணவு எல்லாம் அந்த ஒரு அணாவின் வழித்தோன்றல்களே.

அரசின் கடமையைச் சொன்னேன். நம் பக்கத்தையும் பார்க்க வேண்டாமா?

ஆலைக்கு ஒருநாள் போகாவிட்டால் ‘லீவு’ எழுதிக் கொடுக்கிறோம். கொடுக்காவிட்டால் கூலி போகும், மெமோ வரும். பிள்ளையின் பள்ளிக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பையனிடம் ஒரு வாய்ச்சொல்! அதையும் அவன் வழியிலேயே மறந்துவிடுவான். காய்ச்சலா, அம்மையா, ஊரில் சாவா, இரண்டு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். எழுத வராதா? நேரில் போய்ச் சொல்லுங்கள். பிள்ளையின் வருகை பற்றிப் பெற்றோரிடம் பேசுவது ஆசிரியரின் கடமை என்று 24-ஆம் பிரிவே சொல்கிறது. அவர் உங்களுக்குச் சலுகை காட்டவில்லை, கூச்சம் வேண்டாம்.

இன்னொன்று, இது சுடும். 1953-இல் அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்தபோது தமிழகமே கொதித்தது. 1954-இல் அது கைவிடப்பட்டது. ஆட்சி அரை நாளைப் பறித்ததற்குக் கொதித்த நாம், அறுவடைக்கும் கடைக்கும் என்று பிள்ளையின் முழு நாளையும் நாமே பறிக்கலாமா? 14 வயதுக்குட்பட்ட பிள்ளை, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில்கூட, பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் மட்டுமே உதவலாம் என்கிறது 2016-ஆம் ஆண்டுத் திருத்தம்.

“பல நாள் வரவில்லை, பெயரை அடித்துவிட்டோம்” என்று எவரேனும் சொன்னால் தலைகுனிந்து திரும்பாதீர்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்ற 16-ஆம் பிரிவு இடம் தரவில்லை. இடையில் நின்றவனை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டதைப் பிடிக்கத் தனிப்பயிற்சியும் தர வேண்டும். சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ ஊர் மாறினால், டி.சி. வரத் தாமதம் என்பதைக் காட்டி அந்த ஊர் அரசுப்பள்ளி மறுக்கக்கூடாது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து இந்தச் சட்டத்தின் கை நீளாது. அங்கே வருகை குறைந்தால் தேர்வு எழுதுவதிலேயே இடறும். ஆகவே வழக்கம் இப்போதே படிய வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். அந்தக் கூட்டத்துக்கு நம் தோழர் எத்தனை பேர் போகிறோம்? கூலி போகும் நாளில் வைத்தால் நாளை மாற்றக் கேளுங்கள். போனதும் நாற்காலி, சுண்ணாம்பு, சுற்றுச்சுவர் என்று தொடங்குவதற்கு முன், வருகைப் பதிவேட்டை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வாரமாக ‘உள்ளேன், ஐயா’ சொல்லாத பெயர் எது, அந்த வீடு எந்தத் தெருவில் என்று கேளுங்கள். அன்று மாலையே இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போங்கள்.